ஒரு வாய் மிச்சம்

ஜனவரி 6, சனி

ஆடிட்டர் ஆபீஸில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். போன வருஷத்து டைரியைப் புரட்டிப் பார்த்தேன். ஜனவரி பாதியோடு நின்றுபோயிருக்கிறது. மீதிப் பக்கங்களில் அம்மாவின் மாத்திரைப் பெயர்கள், ஒரு மைசூர்பாகு செய்முறை.

இந்த வருஷம் எவ்வளவு தூரம் போகிறதென்று பார்ப்போம்.

ஜனவரி 8, திங்கள்

காலை ரயிலில் ஒரே சத்தம். சுரங்கம் மூடியதிலிருந்து தங்கவயலில் பாதிப் பேர் தினமும் ரயிலேறி பெங்களூருக்குத்தான் வேலைக்குப் போகிறோம். சுரங்கக் குடியிருப்பான எங்கள் ஹார்வி லைன்காரர்களுக்கு நாலாவது பெட்டி. மற்றப் பெட்டிகளில் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். எங்கள் பெட்டியில் ஃபுட்பால் பேசுவார்கள்.

வெள்ளிக் கோப்பை கால் இறுதிக்குச் சீட்டு குலுக்கியிருக்கிறார்கள். ஹார்வி லைன் ஸ்டார்ஸ் இருபத்தெட்டாம் தேதி பெங்களூரில் ஆட வேண்டும், விக்டர் டூல்ஸ் கம்பெனி டீமோடு, அவர்கள் மைதானத்திலேயே.

செய்தியைப் படித்தது கஜேந்திரன். ஏசி மெக்கானிக், கானா கட்டுவான், வாய் சும்மா இருக்காது. "விக்டர் டூல்ஸ்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். பெட்டியில் எல்லோரும் ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள்.

எபினேசர் அண்ணன்தான் பேச்சை எடுத்தார். எங்கள் பழைய ரைட் விங்கர், இப்போது ஒயிட்ஃபீல்டில் செக்யூரிட்டி. "இருபத்திநாலு வருஷம் கழிச்சு மாட்டினான்டா" என்றார். யாரென்று பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. விக்டர் டூல்ஸின் கோல்கீப்பர் கோச் என் அண்ணன் ராகுலன்.

"விசாகாக்கா, தப்பா எடுத்துக்காத" என்றான் கஜேந்திரன்.

"எனக்கென்ன, நான் ஃபுட்பாலே பார்க்கிறதில்ல" என்றேன்.

ரோஸ்லின் என் தொடையில் கிள்ளினாள். ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள், பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி. "ஆமாமா. போன மேட்ச்ல லைன்ஸ்மேன் கொடியத் தப்பாத் தூக்கினான்னு கத்துனது உங்க ஆயாவா?"

ஜனவரி 9, செவ்வாய்

எங்கள் கிளப்பின் வழக்கத்தை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆபீஸில் ஒருத்தியிடம் சொன்னேன், சிரித்தாள்.

கிளப்புக்கு என்றுமே சொந்த அறை கிடையாது. அதனால் ஒவ்வொரு எண் சட்டையும் லைனில் ஒரு வீட்டில் இருக்கும். அந்த வீட்டுக்காரர்கள்தான் துவைத்து, இஸ்திரி போட்டு வைக்க வேண்டும். மேட்ச் நாளன்று காலையில் அந்த எண் ஆடுகிற பையன் அந்த வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுச் சட்டையை வாங்கிப் போவான். அவன் யார் பிள்ளையாக இருந்தாலும் சரி, அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளை. வெளியூர் மேட்ச் என்றால் இன்னொன்றும் உண்டு. தட்டில் ஒரு வாய் சோற்றை மிச்சம் வைத்து மூடிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்து அதைச் சாப்பிட்டால்தான் மேட்ச் முடிந்ததாக அர்த்தம்.

ஒன்றாம் எண் எங்கள் வீட்டில். அப்பா முனிரத்தினம் கீப்பராக இருந்தார், பிறகு அண்ணன். சொந்த வீட்டிலேயே சட்டை, சொந்த அம்மா கையாலேயே சோறு. மற்றப் பையன்களுக்கு அதில் பொறாமை. புளிச்சோறும் அவித்த முட்டையும். அம்மா பரிமாறும்போது எதுவும் பேச மாட்டாள். அண்ணன் சாப்பிட்டு முடிக்கிறவரை நானும் பேசக் கூடாது. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒருமுறை அந்த அமைதியில் எனக்குச் சிரிப்பு வந்து, அண்ணனும் சிரித்து, புளிச்சோறு மூக்கில் ஏறி, அன்றைக்கு மூன்று கோல் வாங்கினான். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பழைய சட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுச் சட்டை தருவார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றாம் எண் திரும்பிப் போகவில்லை. அதனால் புது ஒன்றாம் எண் தைக்கவே இல்லை. சுரங்கம் மூடுவதற்கு முந்தைய வருஷத்திலிருந்து ஹார்வி லைன் கீப்பர்கள் இருபத்திரண்டு போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். இருபத்திரண்டு ரோஸ்லின் வீட்டில்.

ஜனவரி 10, புதன்

ரயில் பங்காரப்பேட்டையில் வெகுநேரம் நின்றது. கஜேந்திரன் பாட்டுக் கட்டி முடித்துவிட்டான். டிபன் டப்பாவைத் தட்டிப் பாடிக் காட்டினான்.

ராகுலண்ணே, ராகுலண்ணே,
ரயிலேறிப் போன ராகுலண்ணே!
சட்ட எங்க, சட்ட எங்க?
வித்துட்டியா, துன்னுட்டியா?

பெட்டியே சிரித்தது. முதல் வரியை அவன் பாட, கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டுமாம். நடுவில் எபி அண்ணனின் மேளம். இருநூறு பேராவது வருகிறார்கள். விக்டர் மைதானத்தில் கீப்பர் கோச் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரில்தான் வெளியூர்க்காரர்களுக்கு இடம் கொடுப்பார்களாம், அதையும் விசாரித்துவிட்டான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. மெட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 11, வியாழன்

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். எண்ணெய் தேய்த்துவிட்டேன். "ரயில்ல என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்டாள். மேட்ச் விஷயத்தைச் சொன்னேன். யாரோடு என்பதையும் சொன்னேன். "ஓ" என்று சொல்லிவிட்டுத் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

அண்ணன் கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தது அப்பா செத்த அன்று. இடுகாட்டில் மண் தள்ளிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருத்தன் குடித்துவிட்டுப் பின்னாலிருந்து கத்தினான். "அப்பனுக்குக் குழியில போத்தவாவது அந்தச் சட்டையக் கொண்டாந்தியாடா?" எபி அண்ணன் அவனை இழுத்துக்கொண்டு போனார். அண்ணன் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தான். ஏதோ கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டான். அம்மாவே அவனை மன்னிக்கவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

அப்பா கடைசிவரை அவன் பேரைச் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போனதில் அவருக்குக் கோபமில்லை. அம்மாவிடமும் சொல்லாமல், தன்னிடமும் சொல்லாமல் லைன் சட்டையை எடுத்துப் போய்விட்டான் என்பதுதான். "வேலைக்குப் போறவன் போவட்டும். சட்ட அவன் அப்பன் வூட்டுதா?" என்பார். அவன் அப்பன் வீட்டுச் சட்டைதான் அது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஜனவரி 12, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. குளிர். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மலைமேல் பனி, வெள்ளையும் வெள்ளையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடியும்போது லைன் முனையில் தீ வைத்திருந்தார்கள். பழைய பாய், உடைந்த முறம், கிழிந்த பள்ளிக்கூடப் பை எல்லாம் எடுத்துப் போட்டேன். அம்மா தலையணையையும் எடுத்தேன். இலவம்பஞ்சு கட்டிகட்டியாகி, எண்ணெய் ஏறி, உறைக்குள்ளே உறை, அதற்குள்ளே இன்னோர் உறை. புதிது வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு வருஷமும் அம்மா வேண்டாம் என்பாள், நானும் விட்டுவிடுவேன். இந்த வருஷம் அவள் கொல்லையில் இருந்தபோது எடுத்துக்கொண்டு நடந்தேன்.

தீக்குப் பத்தடி இருக்கும்போது பின்னாலிருந்து "விசாகா!" என்று ஒரு குரல். மூன்று மாதமாகச் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாதவள் தெருவில் ஓடி வந்தாள். செருப்பில்லை. வந்து தலையணையைப் பிடித்து இழுத்தாள். நானும் விடவில்லை, விளையாட்டாகத்தான். தையல் விட்டுப்போய் பஞ்சு கொட்டியது. பஞ்சுக்குள் பச்சை.

ரோஸ்லின் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் அம்மா அதை முந்தானைக்குள் சுருட்டிவிட்டாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். பச்சைக் கீப்பர் சட்டை. முதுகில் மஞ்சள் துணியில் ஒன்று.

"அவன் எடுத்துக்கினு போவல" என்றாள் அம்மா. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, யாரோ அடுத்த வீட்டுக் கதை மாதிரி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம பெங்களூர்ல ஃபைனல் தோத்துட்டு டீம் திரும்பி வந்துச்சு, இவன் வரல. விக்டர்காரங்க பேசணும்னு நிறுத்திட்டாங்க. செவ்வாக்கிழம சாயங்காலம் வந்தான். நீ பரிச்சைக்குக் கோலார்ல சித்தி வூட்டுல இருந்த. உங்கப்பா சுரங்கத்துக்குள்ள ஷிப்டுல. 'வேல போட்டுக் குடுத்துட்டாங்கம்மா, நாளைக்கே சேரணும்'னான். இத கையில குடுத்து, 'தொவச்சு எபி அண்ணங்கிட்ட குடுத்துடும்மா'ன்னான். மூடி வச்சிருந்த அந்த ஒரு வாய் சோத்தையும் உக்காந்து துன்னான். அப்பா மேல ஏறி வர்றதுக்குள்ள ரயிலுக்குப் போயிட்டான்."

"அப்புறம் ஏம்மா குடுக்கல?"

"தொவச்சேன். மடிச்சேன். குடுக்கத்தான் எடுத்துக்கினு போனேன்." புடவை நுனியை விரலில் சுற்றினாள். "குடுத்தா அந்த நம்பருக்கு இன்னொரு பையன் இங்க வருவான் இல்ல? வந்து அவன் தட்டுல உக்காருவான். நான் சோறு போடணும். பாதி வழியில திரும்பிட்டேன். எபி வந்து கேட்டப்ப வாயில அப்படி வந்துடுச்சு. எடுத்துக்கினு போயிட்டான்னு."

"அப்பாகிட்ட?"

சட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா சாகிற வரைக்கும்…"

"அந்த ஒரு வாய அவன் துன்னுருக்கக் கூடாது" என்றாள். "மிச்சம் வச்சிருந்தா வந்திருப்பான்."

தீயில் போடப் பழைய உறைகளை மட்டும் எடுத்துப் போனேன். ரோஸ்லின் ஒன்றும் கேட்கவில்லை. ரோஸ்லின் ஒன்றும் கேட்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஜனவரி 15, பொங்கல்

பொங்கல் வைத்தோம். பால் பொங்கியது. நானும் அம்மாவும் உப்பு, ஏலக்காய் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

இடுகாட்டு நாளில் அந்தப் பார்வை. இப்போதுதான் புரிகிறது. அண்ணன் அம்மாவிடம் கேட்டது மன்னிப்பு இல்லை. 'இன்னும் சொல்லலையாம்மா?' என்றுதான் கேட்டிருக்கிறான். அவள் குனிந்ததும் பதில் கிடைத்துவிட்டது. எழுந்து போய்விட்டான். அவ்வளவு பேர் இருந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 17, புதன்

ரயிலில் ஒத்திகை. பாட்டுக்கு இன்னும் இரண்டு வரி சேர்ந்திருக்கிறது, அதை இங்கே எழுத மாட்டேன். போன வாரம் இதற்கு நானும் சிரித்தேன்.

எபி அண்ணன் சிரிக்காமல் சொன்னார்: "அவன் மாதிரி ஒரு கீப்பர இந்த லைன் பார்த்ததில்லடா. ஃபைனல்ல பெனால்டியப் புடிச்சான் பாரு, அப்படியே காத்துல படுத்தான். தோத்துட்டு வெளிய வந்தப்ப எதிர் டீம்காரனுங்ககூட கை தட்டினானுங்க. போவட்டும்னு நான்தான் சொன்னேன், சுரங்கம் போவப்போவுது, நீயாவது பொழச்சிக்கோன்னேன். சட்டைய மட்டும் வச்சிட்டுப் போயிருக்கலாம். அதான் இன்னா பெரிய வெலையா?" கண் கலங்கியிருந்தது. பகையில் கத்துகிறவர்கள் என்றால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இவர்கள் மனம் நொந்து கத்துகிறார்கள்.

சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? பூஷணம் அக்கா என்று லைனே மரியாதையாகக் கூப்பிடுகிற என் அம்மா பொய் சொன்னாள் என்றா? சண்டை நடந்தால் இரண்டு பக்கமும் அவளிடம்தான் நியாயம் கேட்க வருவார்கள். இந்த வயதில் இனி அவள் வாசலில் எப்படி உட்காருவாள்? சொல்லாவிட்டால், இருபத்தெட்டாம் தேதி இருநூறு பேர் என் அண்ணனைத் திருடன் என்று பாடுவார்கள்.

"என்னக்கா, சீட் வேணுமா?" என்றான் கஜேந்திரன். நான் எழுந்து நின்றிருந்தேன் போலிருக்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

அண்ணன் நம்பர் என் போனில் 'விக்டர் ஆபீஸ்' என்று இருக்கிறது. ஆறு வருஷமாகக் கூப்பிட்டதில்லை. இன்று கூப்பிட்டேன்.

"யாரு… விசா?" என்றான் உடனே. அவன் போனில் என் பெயரிலேயே இருக்கிறேன் போல.

முதலில் தண்ணீர் வருகிறதா, அம்மா முழங்கால் எப்படி, லைனில் இன்னும் குரங்குத் தொல்லையா என்று கேட்டான். பிறகு நான் சொன்னேன், சட்டையைப் பார்த்துவிட்டேன் என்று.

பின்னால் எங்கோ பந்து சுவரில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மாவ ஒண்ணும் கேக்காத" என்றான்.

"அண்ணா, அவங்க பாட்டு கட்டியிருக்காங்க."

"தெரியும். கஜா வீடியோ போட்டு இங்க வரைக்கும் வந்துடுச்சு. எங்க பசங்களே பாடுறானுங்க. மெட்டு நல்லாத்தான் இருக்கு."

"நீ ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா அம்மா பொய் சொன்னாங்கன்னு ஆயிடும். நான் ஊர விட்டு வந்துட்டேன், எனக்கென்ன. அவங்க அங்கதான இருக்கணும்." சிரித்தான். "இத்தனை வருஷம் கேட்டாச்சு. இன்னும் ஒரு ஞாயித்துக்கிழம கேட்டா காது செவிடாயிடாது. பாப்பா வர்றேங்கிறா, அதுதான்…"

அவன் மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளி டீமில் கீப்பராம். எனக்குத் தெரியாது. அப்பா ஆடிய பழைய ஊரின் டீமைப் பார்க்க ஆசைப்பட்டு, தோழிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம்.

"வரவேணாம்னு சொல்லேன்."

"என்னன்னு சொல்றது?"

ஜனவரி 22, திங்கள்

அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. அண்ணன் சொன்னபடியே. ஆனால் அவன் மகள் கீப்பர் என்பதைச் சொன்னேன். மேட்சுக்கு வருகிறாள், அந்தப் பாட்டைக் கேட்கப்போகிறாள் என்பதையும் சொன்னேன். பாட்டையும் முழுசாகச் சொன்னேன்.

இது கேட்டதில் சேராது.

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

ஜனவரி 24, புதன்

சட்டை, புதுத் தலையணை மேல் மடித்து வைத்திருக்கிறது. அம்மா தரையில் பாயில் படுத்துக்கொள்கிறாள்.

ஜனவரி 25, வியாழன்

குடியரசு தினத்துக்கு நாளை லீவு. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: "அந்தப் பையன் முட்ட துன்னுவானா?"

"எந்தப் பையன்?"

"இப்ப நிக்கிறானே, கீப்பரு. ரோஸ்லின் வூட்டுல துன்றவன்."

"சுஜித்தா? தின்னுவான்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்காத. கேட்டுக்கினு வா."

கைப்பையைக்கூட வைக்காமல் போனேன்.

ரோஸ்லின் வாசலிலேயே நின்றிருந்தாள். நான் பேச ஆரம்பிக்கும்முன், "பச்சையாத் தெரிஞ்சுதுடி" என்றாள். "போகியிலிருந்து வயித்துல வச்சிக்கினு இருக்கேன். எனக்கு அல்சரே வந்துடும்." பிறகு கொஞ்சம் கோபமாக, "என் இருபத்திரெண்ட என்ன பண்ணப்போறீங்க? அவனுக்கு இட்லி ஊட்டி வளத்தது நானு. போன வருஷம் ஈரல் வறுவல் வேற" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போ. அனுப்புறேன்."

ஜனவரி 27, சனி

சட்டையை அம்மாவே துவைத்தாள். என்னைத் தொடவிடவில்லை. இலவம்பஞ்சு நாரெல்லாம் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். கழுத்துப் பட்டி நைந்திருக்கிறது, மற்றபடி நிற்கும். இஸ்திரி மட்டும் நான் போட்டேன். எண்ணின் மேல் இஸ்திரிப் பெட்டி படாமல், சுற்றித் தேய்க்க வேண்டும். எப்படித் தேய்க்க வேண்டுமென்று கை மறக்கவில்லை.

புளி ஊறப்போட்டிருக்கிறது. வழக்கத்தைவிட அதிகம்.

ஜனவரி 28, ஞாயிறு

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

காலையில் சுஜித் வந்தான். இருபத்திரண்டு வயது, சாப்பாடு டெலிவரி வேலை, ஒல்லி. ரோஸ்லின் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலில் அவன் செருப்பைக் கழற்றியதை லைனே பார்த்தது. குழாயடியில் பேச்சு நின்றது. உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அம்மா அண்ணனுடைய தட்டை வைத்தாள், விளிம்பு நெளிந்த எவர்சில்வர் தட்டு. புளிச்சோறு போட்டாள். முட்டையை இரண்டாக வெட்டி வைத்தாள். யாரும் பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

பாதியில் சுஜித், "காரம் சூப்பரா இருக்குது ஆயா" என்றான். பேசக் கூடாது என்று அவனுக்குத் தெரியாது. ரோஸ்லின் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டேதான் சாப்பிடுவார்கள். நான் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இன்னொரு கரண்டி போட்டாள். "மெதுவாத் துன்னு" என்றாள்.

ஒரு வாய் மிச்சம் வைத்து மூடினான். அம்மா சட்டையை இரண்டு கையாலும் கொடுத்தாள்.

வாசலில் எபி அண்ணன் கழுத்தில் மேளத்தோடு நின்றிருந்தார். பின்னால் கஜேந்திரன், இன்னும் பத்துப் பதினைந்து பேர். எல்லோர் கண்ணும் சுஜித் கையிலிருந்த பச்சையில். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எபி. எங்கிட்டத்தான் இருந்துச்சு. அவன் குடுத்துட்டுத்தான் போனான். நான்தான் குடுக்கல."

எபி அண்ணன் மேளத்தின் வாரைச் சரிசெய்தார். மறுபடியும் சரிசெய்தார். பிறகு, "சரிக்கா" என்றார். "பையனுக்கு ரயிலுக்கு நேரமாச்சு." நாலடி போய்த் திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது.

கிளம்பும்போது அம்மா என்னிடம் ஒரு டிபன் டப்பா கொடுத்தாள். யாருக்கென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரயிலில் கஜேந்திரன்தான் பாவம். "ரெண்டு நாள் உக்காந்து கட்டுனேன் அண்ணே. சட்டைய எடுத்துட்டா பாட்டுல இன்னா இருக்குது?"

"அவன் பேரு இருக்குது" என்றார் எபி அண்ணன். "அது போதும்."

விக்டர் மைதானத்தில் புல் வெட்டிய வாசனை. எங்கள் ஊர் மைதானத்தில் புல்லே கிடையாது. எதிர்ப் பக்கம் பெஞ்சில் அண்ணன். தலை நரைத்துவிட்டது. உட்காருகிற விதம் மட்டும் மாறவில்லை, முழங்கையை முழங்காலில் ஊன்றி. கொஞ்சம் தள்ளி மூன்று நான்கு பெண் பிள்ளைகள். அதில் அவன் மகள் எது என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் அப்பாவின் நெற்றி.

இரண்டு டீமும் இறங்கின. அண்ணன் தன் கீப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எபி அண்ணன் மேளத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். கஜேந்திரன் தொடங்கினான்.

"ராகுலண்ணே! ராகுலண்ணே!"

இருநூறு பேரும் சேர்ந்துகொண்டோம். அண்ணனின் தோள் இறுகியதை இங்கிருந்தே பார்த்தேன். மகள் பக்கம் ஒருமுறை பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வரிக்காகக் காத்திருந்தான். அந்த இடத்தில் மேளம் மட்டும் ஒலித்தது. மறுபடி பேர். மறுபடி மேளம். மூன்றாவது தடவை நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் சுஜித் எங்கள் கோல் பக்கம் ஓடினான், முதுகைக் காட்டிக்கொண்டு.

அண்ணன் எழுந்து நின்றான். அவர்கள் கீப்பர் ஏதோ கேட்கிறான், இவனுக்குக் காதில் விழவில்லை.

தோற்றோம். ஒன்று பூஜ்யம். ஆஃப்சைடு கோல். நான் ஃபுட்பால் பார்ப்பதில்லை, ஆனால் அது ஆஃப்சைடு.

முடிந்ததும் அண்ணன் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தான், மகளைக் கூட்டிக்கொண்டு. எபி அண்ணன் மேளத்தைக் கழற்றவே இல்லை, மேளத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "வயசாயிடுச்சேடா உனக்கு" என்றார். "உனக்கு மட்டும் இன்னா, கொறஞ்சுதா?" என்றான் அண்ணன். இத்தனை வருஷம் பெங்களூரில் இருந்தும் பேச்சு அப்படியே இருக்கிறது. மகள் சுஜித்தின் சட்டையைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுவா?" என்று அவள் அப்பாவைக் கேட்டாள். "இதுதான்" என்றான்.

டப்பாவைக் கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து திறந்தான். மூடியை எடுத்ததும் கொஞ்ச நேரம் வாசனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு சாப்பிட்டான். யாரும் பேசவில்லை. கஜேந்திரன்கூடப் பேசவில்லை. மகளுக்கு ஒரு வாய் கொடுத்தான். முட்டையைத் தின்றான். டப்பாவைச் சுற்றி வழித்து வழித்து, எல்லாவற்றையும் ஒரு மூலைக்குச் சேர்த்தான். கடைசியில் ஒரு வாய் இருந்தது.

அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

மூடியைப் போட்டு அழுத்தி, நாலு பக்கமும் கொக்கியை மாட்டினான். "அம்மாகிட்ட குடுத்துடு" என்றான்.

திரும்பும் ரயிலில் ஆஃப்சைடு சண்டை ஒயிட்ஃபீல்டு வரைக்கும் ஓடியது. மாலூரில் அடுத்த வருஷத்து டீமைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கஜேந்திரன் காலையிலிருந்து எதுவும் தின்னவில்லையாம். எட்டிப் பார்த்தான்.

"அக்கா, அதுல ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?"

ரோஸ்லின் அவன் கையில் ஓங்கி அடித்தாள்.

"இருக்கு" என்றேன்.

ஜனவரி 29, திங்கள்

லீவு போட்டேன். சுஜித் நேற்று ராத்திரியே வந்து தன் ஒரு வாயைச் சாப்பிட்டுவிட்டுப் போனான். புளிச்சோறு சீக்கிரம் கெடாது என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் டப்பாவை ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜை யாரும் அடிக்கடி திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வீட்டில் இருப்பது நானும் அவளும்தான். காலையிலிருந்து அவளே நாலு தரம் திறந்து பார்த்துவிட்டாள்.